வலி அடங்கிய பிறகுதான் சுருங்கத் தொடங்கும்: ஆசிட் பட்ட உணவுக்குழாயும் எண்டோஸ்கோபி சிகிச்சையும்

ஆசிட் குடித்து, ஆறாவது வாரத்தில் திரும்பி வருபவரை வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிடும். கையில் ஒரு துண்டு இருக்கும், இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் டம்ளர். ஊறுகிற எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் அதில் துப்பிக்கொண்டே இருப்பார். கன்னம் ஒட்டியிருக்கும், வேட்டியோ சுடிதாரோ இடுப்பில் நிற்காது. டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தால், எட்டாம் நாளே ‘வாய் வழியாக உணவு எடுக்கிறார், நலம்’ என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். அது பொய்யும் இல்லை. அன்றைக்கு அவர் கஞ்சி குடித்தார், இட்லி சாப்பிட்டார், வலியும் இல்லை. அந்தச் சுகம்தான் இந்தக் காயத்தில் எல்லோரையும் ஏமாற்றுவது.

ஆசிட்டோ காஸ்டிக் சோடா போன்ற காரமோ உள்ளே போனதும் நடப்பவை மூன்று கட்டம். முதல் மூன்று நாள் வெந்து வீங்கும். அப்போது வலி கடுமை. நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை செத்த சதை உரிந்து புண்ணாகும். வலி குறையும், ஆனால் குழாயின் சுவர் மிகவும் மெலிந்து கிடப்பது இப்போதுதான். மூன்றாம் வாரத்திலிருந்து புண் ஆறும். ஆறுவது என்றால் தழும்பு கட்டுவது. கையில் பட்ட தீக்காயம் ஆறும்போது தோல் இழுத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே இழுப்பு விரல் பருமனே உள்ள ஒரு குழாய்க்குள் சுற்றிவர நடந்தால் வழி மூடும். சுருக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். ஆகவே நோயாளி ‘சரியாகிவிட்டது’ என்று நினைக்கும் மூன்றாம் வாரம் முடியும்போதுதான் சிகிச்சை தொடங்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

முதல் மணி நேரங்கள்

நம் ஊரில் யாராவது எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைப்பதுதான் பழக்கம். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், சில ஊர்களில் சாணக் கரைசல். அன்பினால், பதற்றத்தினால் செய்வதுதான். ஆனால் இறங்கும்போது ஒருமுறை சுட்ட ஆசிட், வாந்தியாக ஏறும்போது இரண்டாம் முறை சுடும். கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நுரையீரலும் வேகும். ‘ஆசிட்டுக்கு சோடா உப்பு, காரத்துக்கு எலுமிச்சை’ என்று முறிக்கப் பார்ப்பதும் வேண்டாம். இரண்டும் கலக்கும் இடத்தில் சூடு பிறக்கும், சோடா உப்பு என்றால் வாயுவும் பொங்கி வயிற்றை உப்ப வைக்கும். பால், மோர், முட்டை வெள்ளைக்கரு இவையும் வாந்தியைத் தூண்டும், பிறகு எண்டோஸ்கோபியில் (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பதில்) உள்ளே இருப்பதை மறைக்கும்.

செய்ய வேண்டியது குறைவு. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். முகம், கழுத்து, சட்டையில் பட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடையை மாற்றுங்கள். படுக்க வைக்காமல் சாய்ந்து உட்கார வையுங்கள். 108-ஐ அழையுங்கள். பாட்டிலை மூடி ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். கழிவறை கழுவும் திரவமா, பேட்டரி ஆசிட்டா, நகைப் பட்டறைத் திராவகமா, அடைப்பு நீக்கும் காஸ்டிக்கா என்பதை வைத்துத்தான் எங்கே எவ்வளவு வெந்திருக்கும் என்று மருத்துவர் கணிப்பார். காரம் சதையைக் கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்கும். உணவுக்குழாயில் அதிகம் தங்கும். ஆசிட் மேலே ஒரு பொருக்கைக் கட்டி, வேகமாக வழிந்து இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தேங்கும். அடர்த்தியான ஆசிட் என்றால் இரண்டு இடமும் போகும்.

மருத்துவமனைக்கு வந்த பின்னும் ஒரு பழக்கம் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டு அவசரப் பிரிவுகளில் பூச்சிமருந்தும் அரளி விதையும் அன்றாடம். குழாய் விட்டு வயிறு கழுவுவது அங்கே கை பழகிய வேலை. பரபரப்பில் அதையே ஆசிட் கேஸிலும் செய்துவிடுவது உண்டு. கூடாது. பார்க்காமல் மூக்கு வழியாக விடும் குழாய் வெந்த சுவரைக் கிழித்துக்கொண்டு போகும். கரித்தூளும் கொடுக்கக் கூடாது. ஆசிட்டை அது பிடிக்காது, உள்ளே எல்லாவற்றையும் கறுப்பாக்கிப் பார்க்க விடாமல் செய்யும். துணைக்கு நிற்பவர் ‘இது ஆசிட், மருந்து இல்லை’ என்று முதல் வாக்கியத்திலேயே, தேவைப்பட்டால் மூன்று முறை சொல்லுங்கள்.

குரல் கரகரத்தாலோ மூச்சிழுக்கும்போது சீறல் சத்தம் கேட்டாலோ முதல் வேலை சுவாசப் பாதையைக் காப்பது. தொண்டை வீக்கம் மணிக்கணக்கில் ஏறும். முழுதாக அடைத்த பிறகு குழாய் போடுவது பெரும்பாடு. இன்னொன்று: வாயில் புண் இல்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வாயை விரைவாகக் கடந்து உள்ளே போய்ச் சுட்ட கேஸ்கள் ஏராளம்.

எவ்வளவு வெந்திருக்கிறது

மார்பு எக்ஸ்-ரேயில் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்த்து, நிலைமை மோசமாகத் தெரிந்தால் நரம்பில் மருந்து செலுத்தி சி.டி. எடுப்பார்கள். குழாய்ச் சுவரில் ரத்த ஓட்டமே தெரியவில்லை என்றால் அந்தப் பகுதி செத்துவிட்டது. அங்கே எண்டோஸ்கோபிக்கு வேலை இல்லை, அவசர அறுவை சிகிச்சைதான். மற்றவர்களுக்கு 12 முதல் 48 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி. ஐந்தாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை அதைத் தவிர்ப்பது நல்லது. சுவர் மெலிந்திருக்கும் காலம் அது. காற்றைக் குறைவாகச் செலுத்தி, வழி கண்ணுக்குத் தெரிகிறவரை மட்டும் முன்னே போக வேண்டும்.

பார்த்ததை எழுத இன்றும் எல்லோரும் பயன்படுத்துவது 1991-ல் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்திலிருந்து சர்கரும் உடன் பணியாற்றியவர்களும் 81 நோயாளிகளை வைத்து வகுத்த தரவரிசை. சிவந்து வீங்கியிருந்தால் 1. மேலோட்டமான புண், கொப்புளம், வெள்ளைப் படலம் என்றால் 2ஏ. புண் ஆழமாகவோ குழாயைச் சுற்றி வளையமாகவோ இருந்தால் 2பி. கறுப்பும் சாம்பலுமாக செத்த திட்டுகள் அங்கங்கே இருந்தால் 3ஏ, பரவலாக இருந்தால் 3பி. 2ஏ வரை இருந்தவர்கள் எல்லோரும் பின்விளைவு இல்லாமல் தேறினார்கள். 2பி-யில் பத்தில் ஏழு பேருக்கும், 3-ல் பிழைத்த அனைவருக்கும் தழும்புச் சுருக்கம் வந்தது. அந்த ‘ஏ’வுக்கும் ‘பி’க்கும் இடையில் ஒரு வருடச் சிகிச்சை கிடக்கிறது. உங்கள் கோப்பில் தரம் எழுதப்படவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

2பி-யும் அதற்கு மேலும் என்றால், அந்த முதல் எண்டோஸ்கோபியிலேயே கண்ணால் பார்த்துக்கொண்டு, கம்பி வழியாக, மூக்கிலிருந்து சிறுகுடல் வரை ஒரு மெல்லிய உணவுக் குழாயை விட்டுவிடுவது பெரிய உதவி. பார்க்காமல் விடுவதற்குத்தான் தடை. இந்தக் குழாய் பட்டினியைத் தடுக்கும். புண் ஆறும்போது வழி முற்றிலும் ஒட்டிப்போகாமல் ஒரு நூலிழை இடமாவது காத்து வைக்கும். அதுவும் முடியாதவர்களுக்கு வயிற்றில் சிறு துளை வழியாக, பெரும்பாலும் லேப்ராஸ்கோபியில், சிறுகுடலில் நேராகக் குழாய் வைப்பார்கள்.

வீட்டில் இந்தக் குழாயைப் பராமரிப்பதில்தான் நிறையத் தவறு நடக்கிறது. சிறுகுடல் இரைப்பை மாதிரி விரியும் பை இல்லை. சிரிஞ்சில் 200 மில்லியை ஒரே மூச்சில் தள்ளினால் வயிறு முறுக்கி பேதியாகும். பாட்டிலில் தொங்கவிட்டு மணிக்கு 50 மில்லியில் தொடங்கி, தாங்கினால் 100 வரை ஏற்றுங்கள். கஞ்சியை மிக்ஸியில் அடித்த பிறகு மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கேழ்வரகுத் தவிடு ஒரு துணுக்கு போதும், குழாய் அடைத்துக்கொள்ள. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு உணவுக்கும் மருந்துக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மாத்திரையைப் பொடித்துப் போடாமல், திரவ வடிவில் கிடைக்குமா என்று கேளுங்கள். அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரை முன்னும் பின்னுமாக மெதுவாக இழுத்துத் தள்ளலாம். கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள்.

குழாயை விரிப்பது

சுருங்கிய குழாயைத் திறக்கும் சிகிச்சைக்கு டைலடேஷன் என்று பெயர். பொதுவாகக் காயம் பட்ட மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, புண் ஆறியதும் தொடங்குவார்கள். ஆறு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். தழும்பு முற்றிவிட்டால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் போராட வேண்டியிருக்கும். முதல் முறைக்கு முன்னால் பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்-ரே அவசியம். எண்டோஸ்கோபி, சுருக்கத்தின் வாயை மட்டும்தான் காட்டும். அதற்குக் கீழே எத்தனை சுருக்கம், எவ்வளவு நீளம், எங்கே வளைவு என்பதைப் பேரியம் படம்தான் சொல்லும். ஆசிட் சுருக்கம் பெரும்பாலும் நீளமாக, கோணலாக, இரண்டு மூன்று இடங்களில் இருக்கும்.

கருவி இரண்டு வகை. பூஜி என்பது நுனி கூம்பிய, வளையக்கூடிய பிளாஸ்டிக் தண்டு. நடுவில் ஓட்டை, அதன் வழியாகக் கம்பி போகும். 5 மி.மீ. தொடங்கி 20 மி.மீ. வரை வரிசையாக இருக்கும். பெட்டியில் பிரெஞ்சு அளவு போட்டிருந்தால் மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர். 45 என்றால் 15 மி.மீ. மற்றது பலூன். எண்டோஸ்கோப்புக்குள்ளேயே நுழைத்து, சுருக்கத்தின் நடுவில் நிறுத்தி, தண்ணீரோ நீர்த்த சாய மருந்தோ ஏற்றி ஊதுவார்கள். பலூனின் இடுப்பில் இருக்கும் பள்ளம் எக்ஸ்-ரே திரையில் மறைவதைப் பார்த்து ஒரு நிமிடம் பிடித்து வைப்பார்கள். எது நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். குட்டையான சுருக்கத்துக்கும், இரைப்பை சிறுகுடலில் திறக்கும் வாயிலுக்கும் பலூன் கச்சிதம். நீளமான, பல இடத்துச் சுருக்கத்துக்கு பூஜி. காரணம், பூஜியில் கை பேசும்: எங்கே இறுக்கம், எவ்வளவு இறுக்கம் என்று விரல் நுனியில் தெரியும். பலூனுக்கு அந்த உணர்வு இல்லை. பூஜியைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதும், இருபது முறை வர வேண்டிய ஒருவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

வேலை நடக்கும் விதம் இது. முந்தின நாள் திரவ உணவு மட்டும். சுருக்கத்துக்கு மேலே சோறு தேங்கியிருந்தால் மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகும், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. ஆறு மணி நேரம் வெறும் வயிறு. எண்டோஸ்கோப்பை விட்டு, சுருக்கத்தின் வழியாக, நுனி ஸ்பிரிங் போல மெத்தென்றிருக்கும் கம்பியை இரைப்பையின் கீழ்ப்பகுதி வரை தள்ளுவார்கள். ஊசித்துளை அளவுச் சுருக்கம் என்றால் வழுவழுப்பான 0.035 அங்குலக் கம்பி, சி-ஆர்ம் என்ற நேரடித் திரை எக்ஸ்-ரே துணையோடு. பிறகு எண்டோஸ்கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துக்கொண்டே, இழுத்த அளவுக்கு அதே அளவு கம்பியை உள்ளே கொடுத்துக்கொண்டே வர வேண்டும். இந்தப் பரிமாற்றத்தில் கம்பி மேலேறிவிட்டால், அடுத்து வரும் பூஜிக்கு வழிகாட்டி இல்லை. அல்லது உள்ளே மிகையாகத் தள்ளி மடிந்துவிட்டால், பூஜி அந்த மடிப்பில் முட்டிக் கம்பியையும் சேர்த்துச் சுவருக்குள் தள்ளும். ஓட்டை விழுவதற்கு முக்கியமான ஒரு காரணம் இந்த மடிந்த கம்பி. உதவியாளருக்கு ஒரே வேலைதான்: வாய்க்கு வெளியே நிற்கும் கம்பியை நேராக இழுத்து, குறியைப் பார்த்து, ஆடாமல் பிடித்திருப்பது. அனுபவமுள்ள செவிலியர் இந்த நேரத்தில் திரையைப் பார்க்க மாட்டார். கம்பியின் குறியில்தான் கண் இருக்கும்.

பூஜியில் ஜெல் தடவி, நோயாளியின் கழுத்தைச் சற்று நிமிர்த்தி, விரல் நுனிகளால் பேனா பிடிப்பதுபோலப் பிடித்து இறக்க வேண்டும். முஷ்டியால் பிடித்தால் இறுக்கம் தெரியாது. எத்தனை அளவு வரை போகலாம் என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு, அதை மீறக் கூடாது: இறுக்கம் தெரிகிற முதல் பூஜியை ஒன்று என்று எண்ணி, மூன்றோடு நிறுத்து. 7-ம் 8-ம் சுலபமாகப் போய் 9-ல் கை இறுகினால் 9, 10, 11 முடிந்து அன்றைய வேலை சரி. ஆசிட் சுருக்கத்தில் முதல் இரண்டு சந்திப்புகளில் இரண்டோடு நிறுத்துபவர்களும் உண்டு. அவர்கள் பயந்தவர்கள் இல்லை, தழும்பின் குணம் அறிந்தவர்கள். ‘ஏன் இன்றைக்கே முழுசாக விரிக்கக் கூடாது, தூரத்திலிருந்து வருகிறோம்’ என்று குடும்பம் கேட்கும். தழும்பு நார் மெல்லக் கொடுத்தால் இளகும், அவசரப்படுத்தினால் கிழியும். கிழிந்தது மறுபடி இன்னும் தடித்த தழும்பாக ஆறும்.

இலக்கு 15 மி.மீ. சுமார் 13-க்குக் கீழே இருந்தால் கட்டியான உணவு எப்போதும் சிக்கும். முதலில் வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 15-ஐ எட்டியதும் மூன்று வாரம், மாதம் ஒருமுறை, மூன்று மாதம் என்று இடைவெளி கூடும். இங்கேதான் பலர் கழன்றுகொள்கிறார்கள். ஐந்தாவது முறைக்குப் பிறகு இட்லி இறங்கும், தோசை இறங்கும். வேலைக்குப் போகத் தொடங்குவார். ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று அடுத்த தேதியை விட்டுவிடுவார். இரண்டு மாதம் கழித்து வரும்போது 14 மீண்டும் 6 ஆகியிருக்கும். முதலாம் வாரத்தின் அதே ஏமாற்றுதான் இது. விழுங்க முடிகிறதா என்பதை வைத்துத் தேதியை முடிவு செய்யாதீர்கள். அட்டையில் எழுதிய தேதிக்குப் போங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களைக் குறித்து வாங்குங்கள்: எந்த அளவில் தொடங்கினார்கள், எந்த அளவில் முடித்தார்கள். போன முறை 12-ல் முடித்து இந்த முறை 11-ல் தொடங்கினால் குழாய் பிடித்து நிற்கிறது. 12-ல் முடித்து 7-ல் தொடங்கினால் இடைவெளி நீண்டுவிட்டது, அல்லது வேறு ஏதோ தேவைப்படுகிறது.

இடைப்பட்ட காலத்தில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையைக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் தவறாமல் எடுக்க வேண்டும். தழும்பின் மேல் வயிற்று அமிலம் எதுக்களித்தால் புண் மறுபடி கிளறும். முழு கேப்ஸ்யூல் இறங்காத காலத்தில் அதைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளைக் கொஞ்சம் ஜூஸில் கலந்து விழுங்கலாம். மணிகளை மட்டும் நசுக்கக் கூடாது.

ஓட்டை விழுந்தால்

ஆசிட் சுருக்கத்தில் ஒவ்வொரு டைலடேஷனுக்கும் ஓட்டை விழும் ஆபத்து நூற்றில் ஒன்று என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கே இருபது முறை என்றால் அது கூடிக்கொண்டே போகும். எச்சிலில் கொஞ்சம் ரத்தக் கோடு, லேசான நெஞ்செரிச்சல் சகஜம். சகஜம் இல்லாதவை: குறையாமல் ஏறும் நெஞ்சு வலி, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் குத்தல், நாடித்துடிப்பு வேகம், காய்ச்சல், மூச்சுத் திணறல். கழுத்துக் குழியில் விரல் வைத்து அழுத்தினால் உப்புக்கல்லை நெரிப்பதுபோல நெறநெறவென்றால் தோலுக்கடியில் காற்று ஏறிவிட்டது. இவற்றில் எது இருந்தாலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அதே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். சிகிச்சை முடிந்து இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது இதற்குத்தான். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டு, பாதி வழியில் வலி வந்தவர்கள் உண்டு. முதல் சில மணி நேரத்தில் கண்டுபிடித்த சிறு ஓட்டையைப் பல சமயம் ஆன்டிபயாடிக், பட்டினி, உறை போட்ட ஸ்டென்ட் (உள்ளே விரிந்து நிற்கும் வலைக்குழல்) அல்லது கிளிப் வைத்தே ஆற்றிவிடலாம். மறுநாள் வந்தால் மார்பில் சீழ் கட்டி, கதை வேறாகிவிடும்.

சிக்கல் இல்லை என்றால் அன்று குளிர்ந்த தண்ணீர், பிறகு திரவம்; மறுநாள் குழைந்த சாதம், பாலில் ஊறிய இடியாப்பம், சாம்பாரில் நன்றாக ஊறிய இட்லி. முருங்கைக்காய்ச் சக்கை, நார் மாம்பழம், பரோட்டா, கறித்துண்டு, முள் மீன் இவற்றைக் குழாய் 15-ல் மாதக்கணக்காக நிற்கும்வரை தள்ளி வையுங்கள். இரும்புச்சத்து, டாக்ஸிசைக்ளின் மாத்திரைகள் சுருக்கத்தில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கும், சிரப் கேளுங்கள். எதாவது சிக்கிவிட்டால் மீன்முள்ளுக்குச் செய்வதுபோலச் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்கித் தள்ளப் பார்க்காதீர்கள். அது அடைப்பின் மேல் வைக்கும் இன்னொரு அடைப்பு.

பிடிவாதமான சுருக்கம்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து முறை விரித்தும் 14 மி.மீ.-ஐ எட்டாவிட்டால் அது பிடிவாதமான சுருக்கம். எட்டிய 14 நான்கு வாரம்கூட நிற்காவிட்டால் திரும்பும் சுருக்கம். அப்போது சில துணை முறைகள் உண்டு. ஸ்டெராய்டு ஊசி: ட்ரையம்சினலோன் 40 மி.கி./மி.லி. மருந்தைச் சமஅளவு உப்புநீரில் நீர்த்து, சுருக்கத்தின் மேல் விளிம்பில் நான்கு திசையிலும் அரை மில்லி வீதம் போட்டு, விரிப்பது. தழும்பு நார் கட்டுவதை அது தடுக்கும், இடைவெளி நீளும். நீளச் சுருக்கத்தைவிடக் குட்டைச் சுருக்கத்தில் பலன் அதிகம். மைட்டோமைசின் மருந்தைப் பஞ்சில் நனைத்து, விரித்த இடத்தில் சில நிமிடம் வைப்பது இன்னொரு வழி. குழந்தைகளுக்கு இதில் நல்ல அனுபவம் இருக்கிறது. பஞ்சு நல்ல சதையில் படாதபடி ஓர் உறைக்குள் வைத்துக் கொண்டு போக வேண்டும்.

ஸ்டென்ட் பற்றிக் குடும்பங்களுக்கு இருக்கும் நம்பிக்கை, அது தரும் பலனைவிடப் பெரியது. இதய ஸ்டென்ட் போல வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். புற்றுநோய் இல்லாத சுருக்கத்தில் இதை நிரந்தரமாக வைக்க முடியாது. முழுக்க உறை போட்டதை ஆறு முதல் எட்டு வாரம் வைத்து எடுத்துவிட வேண்டும். நழுவி இரைப்பைக்குள் விழும், நெஞ்சு வலிக்கும், இரு முனைகளிலும் சதை வளர்ந்து புதுச் சுருக்கத்தை உண்டாக்கும். எடுத்த பிறகு பாதிக்கும் மேற்பட்டோருக்கு மறுபடி சுருங்குகிறது. மற்ற வழிகளை முயன்ற பிறகு யோசிக்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

ஆசிட் கேஸில் மறந்துபோகும் இடம், இரைப்பை சிறுகுடலில் திறக்கும் அந்த வாயில். உணவுக்குழாய் நன்றாகத் திறந்திருக்கும், ஆனால் நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று அப்படியே வாந்தியாக வரும், மேல் வயிறு உப்பும், எடை ஏறாது. அங்கேயும் பலூன் விட்டுப் படிப்படியாக 15 மி.மீ. வரை விரிக்கலாம். பல முறைக்குப் பிறகும் திறக்காவிட்டாலோ இரைப்பையே சுருங்கிப் பையளவு இழந்திருந்தாலோ லேப்ராஸ்கோபியில் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் வழி இருக்கிறது.

கம்பியே நுழையாதவர்கள், மாதக்கணக்கில் விரித்தும் பிடிக்காதவர்கள், ஓட்டை விழுந்தவர்கள், இவர்களுக்குப் பெருங்குடலையோ இரைப்பையையோ மேலே இழுத்துப் புதுக்குழாய் அமைப்பார்கள். தழும்பு முழுதாகத் தன் எல்லையைக் காட்ட வேண்டும் என்பதால் காயத்திலிருந்து குறைந்தது ஆறு மாதம் காத்திருப்பது வழக்கம். பழைய குழாயை அகற்றுவதாக இருந்தால் அதையும் மார்பைப் பிளக்காமல், சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் தோராகோஸ்கோபியில் செய்யலாம்; நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து இதைச் செய்யும் முறையில் கோயம்புத்தூரின் டாக்டர் சி. பழனிவேலு குழு, புற்றுநோய் நோயாளிகள் 130 பேரின் அனுபவத்தை 2006-ல் வெளியிட்டது. தொண்டையிலும் தழும்பு இருந்தால் முதலில் அதைக் கவனிக்காமல் கீழே புதுக்குழாய் வைத்துப் பயனில்லை. விழுங்குவது தொண்டையில்தான் தொடங்குகிறது.

சொல்லாமல் விடப்படுவது

குழந்தைகளில் இது பெரும்பாலும் தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றி வைத்த ஆசிட். பெரியவர்களில் பாதிக்கதை வேறு. குடும்பம் ‘தண்ணீர் என்று நினைத்து’ என்று சொல்லும். போலீஸ் பயம் அதற்குப் பெரிய காரணம். மருத்துவமனையில் பதிவு போடத்தான் செய்வார்கள், ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. உண்மையைச் சொன்னால்தான் மனநல மருத்துவர் படுக்கைக்கு வருவார். அவர் வராவிட்டால் இந்த ஒரு வருடச் சிகிச்சை நடக்காது: பட்டினி, மூக்கில் குழாய், வாரா வாரம் மருத்துவமனை, உறவினர் பேச்சு. ஏற்கனவே நொந்தவர் இவற்றையும் தாங்க வேண்டும். ‘ஏன் செய்தாய்’ என்று கேட்பதைவிட, டைலடேஷன் நாளில் கூடவே போய் உட்கார்வது அவருக்கு மருந்து. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 104, 14416 என்ற அரசு உதவி எண்கள் இரண்டும் எந்நேரமும் எடுக்கும், பணம் கிடையாது.

வீட்டில் ஆசிட் இருந்தால் வாங்கிய பாட்டிலிலேயே, பூட்டிய இடத்தில் வையுங்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் அடையாள அட்டையும் பதிவேடும் இல்லாமல் கடையில் ஆசிட் விற்கக் கூடாது என்றது. தெருவில் வண்டியில் வரும் லேபிள் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கியிருந்தால் இங்கே சொன்ன காத்திருப்பு எதுவும் பொருந்தாது: இரண்டு மணி நேரத்திலேயே அது குழாயைப் பொசுக்கத் தொடங்கும், எக்ஸ்-ரே எடுத்து உடனே எடுத்தாக வேண்டும்.

டைலடேஷன் எல்லாம் முடிந்து, வருடக்கணக்காக நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தழும்பு இருந்த இடத்தில் பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். காயம் பட்டு 15 முதல் 20 வருடத்தில் தொடங்கி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். புகையிலையும் மதுவும் அந்த ஆபத்தைக் கூட்டும். அதற்குள் ஊர் மாறியிருக்கும், மருத்துவர் மாறியிருப்பார், பழைய கோப்பு தொலைந்திருக்கும். அதனால் கோப்பின் முதல் பக்கத்தில், அளவு எண்களுக்கும் தேதிகளுக்கும் மேலே, குடித்த ஆண்டையும் தரத்தையும் எழுதி, போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். 2025-ல் 2பி என்றால், அதற்குக் கீழே 2040 என்றும் எழுதுங்கள்.